அடுத்து எந்த நீராவி எஞ்சின், எந்தப் பெட்டி? மாதிரி ரயில் உற்பத்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு விரைவில் ஒரே இடத்துக்கு வந்துவிடும்: உற்பத்தியாளர்கள் அடுத்து எந்த எஞ்சினைச் செய்ய வேண்டும்? பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் ரயில்வேயைச் சேர்ந்தவை. நீராவிக் காலத்தில் அங்கே கம்பெனிக்குக் கம்பெனி எஞ்சின் வகைகளும் பெட்டி வகைகளும் வேறுபட்டிருந்ததால், எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி அங்கேதான் மிகக் கடினமாகிறது.

ஒரே வரியில் சொல்லுங்கள்: அடுத்து எது வர வேண்டும்?

எஞ்சினைத் தனியாகத் தேர்ந்தெடுக்காமல், அது உண்மையில் இழுத்த பெட்டிகளோடு சேர்த்து ஒரு முழு ரயிலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் பதில். அந்த ரயிலும் நாள்தோறும் ஓடிய சாதாரண ரயிலாக இருக்கட்டும். பெயர் பெற்ற விரைவு ரயில்களுக்கு ஏற்கெனவே போதுமான கவனம் கிடைத்துவிட்டது.

புகழ்பெற்ற எஞ்சின்கள்தானே விற்கும்? அவற்றைச் செய்வதில் என்ன குறை?

குறை எதுவும் இல்லை. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்ட ‘மல்லார்ட்’ எவருடைய அலமாரியிலும் இருக்கத் தகுந்ததுதான். ஆனால் ‘மல்லார்ட்’ சேர்ந்த ஏ4 வகையில் மொத்தம் கட்டப்பட்டவை 35 எஞ்சின்கள்தான். அமெரிக்காவின் யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941-க்கும் 1944-க்கும் இடையில் கட்டப்பட்ட ‘பிக் பாய்’ எஞ்சின்கள் வெறும் 25. அந்த 25 எஞ்சின்களை எத்தனை நிறுவனங்கள் எத்தனை அளவுகோல்களில் மீண்டும் மீண்டும் செய்திருக்கின்றன என்பதை இத்துறையைக் கவனிப்பவர்கள் அறிவார்கள்.

மறுபக்கம் பாருங்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் 5700 வகை பேனியர் டேங்க் எஞ்சின் (தண்ணீர்த் தொட்டிகளைத் தன் உடலிலேயே இருபுறமும் சுமக்கும் சிறிய எஞ்சின்) 863 கட்டப்பட்டது. லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் ‘பிளாக் ஃபைவ்’ 842. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்யப்பட்ட ‘ஆஸ்டெரிட்டி’ 2-8-0 வகை 935 (இத்தகைய எண்கள் முன் சக்கரங்கள், ஓட்டுச் சக்கரங்கள், பின் சக்கரங்கள் எத்தனை என்பதை வரிசையாகச் சொல்கின்றன). ஒரு ரயில் நிலையத்தை மாதிரியாக அமைப்பவர் அங்கே ஒரு நாள் முழுவதும் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ அதைத்தான் காட்ட விரும்புகிறார். அந்த நாளில் ‘மல்லார்ட்’ ஒரு முறை கடந்து சென்றிருக்கலாம், செல்லாமலும் இருந்திருக்கலாம். சரக்கு எஞ்சினும் கிளைப்பாதை டேங்க் எஞ்சினும் பத்து முறையாவது வந்து போயிருக்கும். ஓர் எஞ்சினை ஒருவர் ஒன்று மட்டும் வாங்குவாரா, எண்ணை மாற்றி மூன்று வாங்குவாரா என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது.

பெட்டிகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறீர்கள்?

ஒரு சொந்த அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் ‘டெரியர்’ என்ற சிறிய டேங்க் எஞ்சினின் மாதிரி என்னிடம் இருக்கிறது. 1872 முதல் 1880 வரை 50 எஞ்சின்களாகக் கட்டப்பட்ட வகை அது. அதை வடிவமைத்த வில்லியம் ஸ்ட்ரவுட்லி அதற்குத் தந்த வண்ணம் மஞ்சள் காவி. பெயர் என்னவோ ‘மேம்படுத்தப்பட்ட எஞ்சின் பச்சை’! அந்த மஞ்சள் உடலின் ஓரங்களில் ஓடும் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பிசிறு தெரியாது. ஆனால் அதை வாங்கி வெகுகாலம் அதன் பின்னால் நான் மாட்டி ஓட்டியது 1950களின் சிவப்பு நிறப் பெரிய பெட்டிகளைத்தான், ஏனென்றால் என்னிடம் வேறு இல்லை. அந்த மஞ்சள் எஞ்சினும் அந்தச் சிவப்புப் பெட்டியும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல. இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இருக்கிறது.

இந்த நிலை என் ஒருவனுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. எஞ்சின் அறிவிக்கப்பட்டால் கொண்டாட்டம் எழுகிறது. பெட்டி அறிவிக்கப்பட்டால் ஓரிருவர் தலையசைப்பார்கள். அதனால் நிறுவனங்கள் எஞ்சினையே அறிவிக்கின்றன. ஆனால் ஓர் எஞ்சினுக்கு மூன்று முதல் பத்துப் பெட்டிகள் வரை வேண்டும் என்பதையும், பெட்டி கிடைக்காதபோது அந்த எஞ்சினின் அடுத்த வண்ணப் பதிப்பை வாங்குபவர் குறைகிறார் என்பதையும் கணக்கில் எடுத்தால், பெட்டிக்கான வார்ப்பச்சு எஞ்சினுக்கான வார்ப்பச்சைவிட நீண்ட காலம் சம்பாதித்துத் தரும் என்றே நான் கருதுகிறேன். பெட்டிக்குள் மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை, பிஸ்டன் தண்டு இல்லை. ஒரே அடிச்சட்டத்தின் மேல் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, கார்டு அறையுள்ள பெட்டி என்று பக்கச்சுவரை மட்டும் மாற்றி ஒரு குடும்பத்தையே உருவாக்கிவிடலாம்.

நான்கு சக்கர, ஆறு சக்கரப் பொதுவடிவப் பெட்டிகள் வந்துவிட்டனவே, அவை போதாதா?

2019-ஐ ஒட்டி ஹேட்டன்ஸ் நிறுவனம் ‘ஜெனிசிஸ்’ என்ற பெயரில் இத்தகைய பெட்டிகளை அறிவித்தது. ஹார்ன்பி நிறுவனமும் பின்னர் தன் பெட்டிகளை அறிவித்தது. எந்த ஒரு ரயில்வேயின் பெட்டியையும் அப்படியே நகலெடுக்காமல், பல ரயில்வேக்களின் பொதுச் சாயலை எடுத்து ஒரு வடிவம் செய்து, அதன் மேல் ஒவ்வொரு ரயில்வேயின் வண்ணத்தையும் பூசும் வழி அது. அந்த முயற்சியை நான் நன்றியோடுதான் பார்க்கிறேன். பிரிட்டனின் ரயில்வேக்கள் நான்கு பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்ட 1923-க்கு முந்தைய எஞ்சின்களுக்கு இழுக்க ஏதாவது கிடைத்தது அதனால்தான்.

ஆயினும் அது தொடக்கம் மட்டுமே. பலகைச் சட்டங்களின் மேல்மூலை வட்டமா சதுரமா, கூரையின் வளைவு எவ்வளவு, விளக்குக் கூடுகள் எங்கே, காலடிப் பலகை எத்தனை அடுக்கு என்று ஒவ்வொரு ரயில்வேயும் தனக்கென ஒரு கையெழுத்தை வைத்திருந்தது. எஞ்சினில் ஆணித்தலையின் எண்ணிக்கை வரை சரிபார்க்கும் நாம், பெட்டியில் மட்டும் ‘ஏறக்குறைய’ என்பதோடு நின்றுவிடக் கூடாது. பொதுவடிவப் பெட்டிகளில் எந்த ரயில்வேயின் வண்ணம் வேகமாக விற்றுத் தீர்ந்தது என்ற கணக்கு அந்தந்த நிறுவனங்களின் கையில் இருக்கும். அடுத்து எந்த ரயில்வேயின் உண்மையான பெட்டியைச் செய்யலாம் என்பதற்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

உங்கள் பட்டியலில் முதலிடம் எதற்கு?

லண்டன் கிங்ஸ் கிராஸ் புறநகர் ரயிலுக்கு: முன்னால் ஓர் என்2 டேங்க் எஞ்சின், பின்னால் இரண்டு ‘குவாட்-ஆர்ட்’ தொகுதிகள்.

என்2 என்பது நைஜல் கிரெஸ்லி கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காக வடிவமைத்த 0-6-2 டேங்க் எஞ்சின். 1920 முதல் 1929 வரை 107 கட்டப்பட்டன. லண்டனின் நிலத்தடிப் பாதை வழியாக மூர்கேட் வரை செல்ல வேண்டியிருந்ததால், வெளியேறும் நீராவியைத் தண்ணீர்த் தொட்டிக்கே திருப்பி அனுப்பும் தடித்த குழாய்கள் புகைப்பெட்டியிலிருந்து இருபுறத் தொட்டிகளுக்கும் வளைந்து செல்லும். அந்தக் குழாய்தான் அதன் முகம். ஸ்காட்லாந்துக்கு அனுப்பப்பட்டவற்றில் அந்தக் குழாய் இல்லை. ஆகவே வார்ப்பச்சில் இரண்டு தெரிவுகளை வைத்துவிட்டால் இரண்டு நாடுகளின் வாடிக்கையாளர்கள் கிடைத்துவிடுவார்கள்.

என்2 மாதிரிகள் முன்பே வந்திருக்கின்றன. நான் கேட்பது ரயிலை. ‘குவாட்-ஆர்ட்’ என்பது நான்கு பெட்டிகளை ஐந்து போகிகளின் மேல் நிறுத்திய இணைப்புத் தொகுதி. போகி என்று இங்கே நான் சொல்வது பெட்டியின் அடியில் சுழலும் சக்கரச் சட்டத்தை. அடுத்தடுத்த இரு பெட்டிகளின் முனைகள் ஒரே போகியின் மேல் அமர்ந்திருக்கும். நடைவழி கிடையாது; ஒவ்வொரு அறைக்கும் இருபுறமும் தனிக் கதவு. இரண்டு தொகுதிகளைச் சேர்த்தால் எட்டுப் பெட்டிகள், பத்துப் போகிகள். காலை நெரிசலில் லண்டனுக்குள் வந்து கொட்டிய கூட்டத்தை அவை சுமந்தன. இன்று ஒரே ஒரு தொகுதி நார்த் நார்ஃபோக் ரயில்வேயில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எனவே அளந்து பார்க்க மூலம் இருக்கிறது.

மாதிரி செய்பவரின் பார்வையில் இந்தத் தொகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சாதாரணப் பெட்டிகளில் வளைவில் முட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக இரண்டு பெட்டிகளுக்கு இடையில் பெரிய இடைவெளி விட வேண்டியிருக்கிறது, அல்லது விரிந்து சுருங்கும் கொக்கிப் பொறியமைப்பு வேண்டியிருக்கிறது. இங்கே இரு முனைகளும் ஒரே சுழல்புள்ளியில் அமர்வதால் எந்தப் பொறியமைப்பும் இல்லாமலே பெட்டிகள் நெருங்கி நிற்கும். உண்மையான வடிவமைப்பே மாதிரியின் சிக்கலைத் தீர்த்துத் தருவது அரிது. வார்னிஷ் பூசிய தேக்கு நிறத்தில் ஒரு பதிப்பு, ரயில்வேக்கள் அரசுடைமையான 1948-க்குப் பிந்தைய சிவப்பில் ஒரு பதிப்பு என்று இரு தலைமுறை ரசிகர்களுக்கும் விற்கலாம்.

இரண்டாவது?

லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே. யூஸ்டனிலிருந்து கார்லைல் வரை பாதை வைத்திருந்த மாபெரும் நிறுவனம் அது. அதன் க்ரூ பணிமனை உலகப் புகழ் பெற்றது. ஆனாலும் அதன் பயணிகள் எஞ்சின்கள் மாதிரி உலகில் பெற்றிருக்கும் இடம் அதன் பெருமைக்கு ஈடானதல்ல. காரணம் எளிது. அவற்றில் பெரும்பாலானவை 1940களின் இறுதிக்குள் உடைப்புக் களத்துக்குச் சென்றுவிட்டன. வண்ணப் புகைப்படச் சுருள் பரவலாகி, ரயில் பார்க்கும் சிறுவர்கள் எண்களைக் குறித்துக்கொண்டு திரிந்த 1950களில் அவை இல்லை. அதனால் அவற்றுக்கென்று ஏங்க ஒரு தலைமுறையே உருவாகவில்லை.

ஜார்ஜ் வேல் 1904 முதல் 1907 வரை 130 ‘பிரிகர்சர்’ 4-4-0 எஞ்சின்களைக் கட்டினார். அவருக்குப் பின் வந்த போவன் குக், அதே அடிப்படையில் மீவெப்ப நீராவியைப் பயன்படுத்தும் ‘ஜார்ஜ் தி ஃபிஃப்த்’ வகையை 1910 முதல் கட்டினார். அதன் அண்ணன் போன்ற 4-6-0 ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ வகை 245 எஞ்சின்களாக லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் பாதைகளை நிறைத்தது. ‘பிரிகர்சர்’ வகையில் பலவும் பின்னாளில் மீவெப்ப அமைப்புக்கு மாற்றப்பட்டன. ஆகவே ஒரே அடிச்சட்டத்தின் மேல் இரண்டு வகை பாய்லர், இரண்டு வகைப் புகைப்பெட்டி என்று திட்டமிட்டால், ஒரு வார்ப்பச்சுத் தொகுப்பு இரண்டு எஞ்சின் வகைகளுக்கு உதவும்.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு நற்பேறும் உண்டு. இவற்றின் சிலிண்டர்கள் சட்டத்துக்கு உள்ளே மறைந்திருக்கின்றன. வெளியே தெரிவது சக்கரங்களை இணைக்கும் தண்டு மட்டுமே. வெளிச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் தண்டு, குறுக்குத்தலை, இணைப்புத் தண்டு, வால்வை இயக்கும் மெல்லிய கம்பிகள் என்று ஒவ்வொன்றையும் கையால் கோத்து ஆணியடிக்க வேண்டும். மாதிரி எஞ்சின் விலையில் கணிசமான பங்கை விழுங்குவது அந்தக் கைவேலைதான். உட்சிலிண்டர் எஞ்சினில் அந்தப் பணத்தைப் பாய்லர் வளைவுக்கும் வண்ணத்துக்கும் செலவிடலாம்.

அதோடு அந்த ரயில்வேயின் பெட்டிகள். கீழே அடர்ந்த நாவல்பழ நிறம், மேலே பால் கலந்த வெண்மை. கறுப்பு எஞ்சினுக்குப் பின்னால் அந்த இருநிறப் பெட்டிகள் எட்டு நிற்பதை ஒரு கண்காட்சியில் கைவினையாகச் செய்யப்பட்ட மாதிரியில் பார்த்தேன். கூட்டம் அடுத்திருந்த நவீன ரயில்களை விட்டுவிட்டு அங்கே வந்து நின்றது.

4-4-0 எஞ்சின் மாதிரியில் பாரம் இழுக்குமா?

நியாயமான ஐயம். முன்னால் நான்கு சிறு சக்கரங்கள் எடையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ள, ஓட்டுச் சக்கரங்கள் நான்கு மட்டுமே மிஞ்சுகின்றன. தீர்வும் பழையதுதான்: டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டியின்) முன்பகுதி எடை எஞ்சினின் பின்பகுதியை அழுத்துமாறு இணைப்புக் கம்பியை அமைப்பது, பாய்லரை உலோக வார்ப்பாகச் செய்வது, முன் சக்கரச் சட்டத்துக்கு மிக மெல்லிய சுருள்வில் மட்டும் வைப்பது. ரப்பர் வளையம் பூட்டிய சக்கரத்தை நான் விரும்புவதில்லை. இழுவை கூடும் என்றாலும் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சக்கரம் ஒன்று குறைந்துவிடுகிறது, வளையமும் காலப்போக்கில் தளர்ந்து கழன்றுவிடுகிறது.

வீட்டில் இடமே இல்லாதவருக்கு எது பொருந்தும்?

இந்தக் கேள்வியை எந்த உற்பத்தியாளரும் தம் வரைபட மேசையின் மேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும்.

1:76 அளவில் ஏ4 எஞ்சின் ஏறக்குறைய 28 செ.மீ. நீளம். அதன் பின்னால் 64 அடி நீளமுள்ள பெட்டிகள் பத்தை மாட்டினால் ஒவ்வொன்றும் சுமார் 26 செ.மீ. ஆக, மொத்த ரயில் மூன்று மீட்டரைத் தொடுகிறது. ரயில் நிற்கவே மூன்று மீட்டர் நடைமேடை வேண்டும். அது ஓடிச் சென்று மறைய இன்னும் அவ்வளவு வேண்டும். அதற்கு மாறாக, பேனியர் டேங்க் எஞ்சின் ஒன்று 12 செ.மீ. சற்றுக் கூட. 32 அடி ஆறு சக்கரப் பெட்டி மூன்று சேர்ந்தால் 38 செ.மீ. முழு ரயிலும் அரை மீட்டரில் முடிந்துவிடுகிறது. புத்தக அலமாரியின் ஒரு தட்டில் அது நிலையம் விட்டு நிலையம் போகும்.

ஆகவே மூன்றாம் இடத்தை உட்சிலிண்டர் கொண்ட 0-6-0 எஞ்சினுக்கும் அதன் ஆறு சக்கரப் பெட்டிகளுக்கும் தருகிறேன். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டனில் மிக அதிகமாகக் காணப்பட்ட எஞ்சின் வடிவம் இதுதான். கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயின் ஒய்14 வகையை எடுத்துக்கொள்ளுங்கள், பிற்காலத்தில் ஜே15 என்று அழைக்கப்பட்டது. 289 கட்டப்பட்டன. 1891 டிசம்பரில் ஸ்ட்ராட்ஃபோர்ட் பணிமனை அவற்றில் ஒன்றை 9 மணி 47 நிமிடத்தில் உதிரிகளிலிருந்து முழு எஞ்சினாகப் பூட்டி முடித்தது. அந்த எஞ்சினை ஹார்ன்பி ஏற்கெனவே நன்றாகச் செய்திருக்கிறது. அதற்குரிய கிரேட் ஈஸ்டர்ன் ஆறு சக்கரப் பெட்டிகளை அதே கவனத்தோடு செய்தால் கிழக்கு இங்கிலாந்தின் ஒரு கிளைப்பாதை முழுமையாகிவிடும்.

பாதுகாக்கப்பட்ட எஞ்சினையே நிறுவனங்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பது ஏன்?

நேரில் போய் லேசர் கருவியால் அளந்துவிடலாம் என்பதாலும், அந்த எஞ்சினை ஓட்டும் பாரம்பரிய ரயில்வேக்கு வருபவர்கள் அதன் மாதிரியையும் வாங்குவார்கள் என்பதாலும்தான். இரண்டும் சரியான காரணங்கள். ஆனால் எது பாதுகாக்கப்பட்டது என்பதே பெருமளவு தற்செயல். வேல்ஸின் பேரி நகரில் இருந்த பழைய இரும்புக் களத்தில் எஞ்சின்களை உடைக்கும் வேலை தள்ளிப்போனதால் 213 எஞ்சின்கள் ஆர்வலர்களால் மீட்கப்பட்டன. அந்தக் களம் தெற்கு வேல்ஸில் இருந்ததால் அங்கே வந்தவை பெரும்பாலும் மேற்கு, தெற்குப் பகுதி எஞ்சின்கள். லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே வடிவமைத்தவற்றில் அங்கிருந்து உயிர்பிழைத்தது 61264 என்ற எண்ணுள்ள பி1 எஞ்சின் ஒன்றே. ஒரு களத்தின் அமைவிடம் நம் அலமாரியில் எது நிற்க வேண்டும் என்பதை இன்றும் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் பி16 வகையை எண்ணிப் பாருங்கள். மூன்று சிலிண்டர் கொண்ட 4-6-0 எஞ்சின், 70 கட்டப்பட்டு, 1960களின் முற்பகுதி வரை யார்க்‌ஷயர் முழுவதும் சரக்கும் பயணிகளும் இழுத்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அளக்க எஞ்சின் இல்லாவிட்டாலும் பணிமனை வரைபடங்களும் புகைப்படங்களும் இருக்கின்றன. யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் அத்தகைய வரைபடங்களின் பெருங்களஞ்சியம். மறைந்துபோன எஞ்சினை நேரில் பார்க்க இனி ஒரே வழி மாதிரிதான் என்பதால், அதற்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நீராவியை நேரில் கண்ட தலைமுறை குறைந்துவருகிறதே, இனி யார் வாங்குவார்கள்?

பிரிட்டிஷ் ரயில்வேயின் வழக்கமான நீராவிச் சேவை 1968 ஆகஸ்ட் தொடக்கத்தில் முடிந்தது. அதைச் சிறுவராகப் பார்த்தவர்களுக்கும் இன்று வயதாகிவிட்டது. 1950களின் கறுப்பு எஞ்சினும் சிவப்புப் பெட்டியும் இத்தனை காலம் சந்தையை ஆண்டது அவர்களின் நினைவால். புதிதாக வருபவர்களுக்கு 1955-ம் நினைவில் இல்லை, 1905-ம் நினைவில் இல்லை. இரண்டும் அவர்களுக்குச் சமம். நினைவு என்ற எடை நீங்கிவிட்ட பிறகு தராசில் மிஞ்சுவது அழகும் விந்தையும்தான். கலிடோனியன் ரயில்வேயின் நீலம், மிட்லண்டின் ஆழ்ந்த சிவப்பு, கிரேட் நார்தர்னின் பச்சை ஆகியவை அப்போது முன்னால் வரும். 1923-க்கு முந்தைய ரயில்கள் வருங்காலத்தின் சந்தை என்று நான் நம்புவது இதனால்தான்.

பிரிட்டன் தவிர்த்த நாடுகளுக்கு என்ன சொல்வீர்கள்?

ஜெர்மனியில் நிலைமை மேலானது. பிரஷ்ய பி8 எஞ்சினும் அதற்குரிய அறைப் பெட்டிகளும், 1950களில் பழைய அடிச்சட்டங்களின் மேல் புதிய உடல் பூட்டி உருவாக்கி இரண்டிரண்டாக ஓட்டிய மூன்று அச்சுப் பெட்டிகளும் மார்க்லின், ரோகோ, ஃப்ளெய்ஷ்மன் போன்ற நிறுவனங்களால் தொடர்ந்து கவனிக்கப்பட்டுவந்தன. எஞ்சினை ரயிலாக எண்ணும் பழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது.

நான் கூடுதலாகக் கேட்பது மீட்டர் கேஜ் உலகத்தை. 1:87 அளவில் மீட்டர் கேஜின் அகலம் 11.5 மி.மீ. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் 12 மி.மீ. தண்டவாளத்தில் அது கண்ணுக்கு உறுத்தாமல் பொருந்துகிறது. 1:76 அளவில் பிரிட்டிஷ் எஞ்சினை 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டும்போது உண்மையில் 18.83 மி.மீ. இருக்க வேண்டிய அகலம் இரண்டு மி.மீட்டருக்கு மேல் குறைகிறது. அந்தச் சமரசத்தைப் பல தலைமுறைகளாகச் சகித்துக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும். சுவிஸ் மலைப்பாதைகளைத் தாண்டி, 871 கட்டப்பட்ட இந்திய ஒய்பி பயணிகள் எஞ்சினும், 1,074 கட்டப்பட்ட ஒய்ஜி சரக்கு எஞ்சினும், 34 கட்டப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க 59 வகை ‘கேரட்’ பூத எஞ்சினும் (ஒரே பாய்லரை இரு முனைகளிலும் உள்ள சக்கரத் தொகுதிகள் சுமக்கும் வகை) இந்த அளவுக்குக் காத்திருக்கின்றன. அவற்றுள் முதலில் ஒய்பி வரட்டும். 4-6-2 அமைப்பு, எளிய தோற்றம், நீண்ட காலம் ஓடிய வகை.

நீளத்தைக் குறைத்த பெட்டிகளை ஏற்றுக்கொள்ளலாமா?

26.4 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பியப் பெட்டி 1:87 அளவில் 303 மி.மீ. வர வேண்டும். சில நிறுவனங்கள் நீளத்தை மட்டும் 282 மி.மீட்டருக்கோ 264 மி.மீட்டருக்கோ குறைத்தன, 360 மி.மீ. ஆரமுள்ள வளைவில் பெட்டியின் நடுப்பகுதி வெளியே துருத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சிறிய வளைவுக்குச் சிறிய பெட்டியைச் செய்யுங்கள். உண்மையில் குட்டையாக இருந்த பெட்டிகளே ஏராளம்.

எஞ்சினுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் என்ன இருக்க வேண்டும்?

எஞ்சினில் டீகோடர் (டிஜிட்டல் கட்டளைகளை ஏற்று எஞ்சினை இயக்கும் சிறு மின்னணுச் சில்லு) பொருத்தும் இடம் பாய்லரைக் கழற்றாமல் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு இடம் முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஒலிப்பதிவு சக்கரச் சுழற்சியோடு ஒத்துப்போக வேண்டும்: இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரம் ஒருமுறை சுழலும்போது நான்கு முறை மூச்சுவிடும், மூன்று சிலிண்டர் எஞ்சின் ஆறு முறை. பி16 மாதிரி நான்கு முறை மூச்சுவிட்டால், கண்ணை மூடிக் கேட்பவருக்கும் அது பி16 இல்லை என்று தெரிந்துவிடும்.

பெட்டியில் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை: கூரையை ஒட்டாதீர்கள். உள்ளே விளக்கும் பயணிகளும் வைப்பதற்காக ஒரு பெட்டியின் கூரையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல நெம்பினேன். பசை விடவில்லை. மறுமுனையிலிருந்து நெம்பியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம். காற்றுக்குழல் மூடி மூன்று தெறித்துத் தரைவிரிப்பில் விழுந்தன. இரண்டு கிடைத்தன. கூரையை நான்கு கொக்கிகளால் பிடித்துவைத்திருந்தால் வரக்கூடிய கூடுதல் செலவு மிகச் சிறியது.

ஒரே எஞ்சினை இரண்டு நிறுவனங்கள் செய்வது தவறா?

தவறில்லை. இழப்பு. முன்பு சொன்ன ‘டெரியர்’ எஞ்சினையே ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு தரப்பினர் புதிதாகச் செய்தார்கள். இரண்டும் நல்ல மாதிரிகள்தான். அந்த இரண்டாவது வார்ப்பச்சுக்கான முதலீடு அதன் பெட்டிகளுக்குப் போயிருந்தால் என்று நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நிறுவனத்துக்கு எழுத விரும்புகிறேன். எப்படிக் கேட்பது?

‘தயவுசெய்து இந்த எஞ்சினைச் செய்யுங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை கட்டப்பட்டன, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை ஓடின, எந்தெந்த வண்ணங்களை அணிந்தன, எந்தப் பாகங்கள் இடையில் மாறின, வரைபடம் எங்கே இருக்கிறது, அதன் பின்னால் எந்தப் பெட்டிகள் எந்த வரிசையில் சென்றன என்று எழுதுங்கள். தேதியுள்ள புகைப்படம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதில் தெரியும் ரயிலைப் பெட்டி பெட்டியாக விவரியுங்கள். நான் கிங்ஸ் கிராஸ் ரயிலைப் பற்றி எழுதிய கடிதத்தில் எஞ்சினுக்கு ஒரு பத்தியும் குவாட்-ஆர்ட் தொகுதிக்கு நான்கு பத்திகளும் ஒதுக்கினேன். எஞ்சினின் முன்புறம் மாட்டப்பட்ட சேருமிடப் பலகையைத் தனியாகக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள் என்பதைக் கடைசி வரியில் சேர்த்தேன்.